விலக்கில் அடிபட்டவர்கள்: மதுரை கிராமப்புறச் சாலை விபத்துக் காயங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்தேன். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அந்த வராந்தாவில் அடிபட்டவர்களின் சொந்தபந்தங்கள் என்னிடம் கேட்டவை. விபத்து என்றதும் ஊரில் முதலில் வரும் பேச்சு "நேரம் சரியில்லை" என்பதுதான். ஆனால் விபத்துப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவனுக்கு அதே விலக்கு (பெரிய சாலையிலிருந்து ஊருக்குச் சாலை பிரியும் இடம்), அதே பொழுது, அதே எலும்பு என்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும். திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணம் இருக்கும், அதைத் தேடவும் முடியும். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

கிராமத்தில் வண்டி குறைவுதானே? விபத்தும் டவுனில்தானே அதிகம்?

சாவைக் கணக்கெடுத்தால் தலைகீழ். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள்; இறந்தவர்கள் 1,68,491 பேர். இறந்தவர்களில் 68 விழுக்காட்டினர் கிராமப்புறத்தில் இறந்தவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மதுரை டவுனின் மாசி வீதியில் வண்டி நகரவே இடமில்லை; மோதினாலும் சிராய்ப்போடு போகும். வாடிப்பட்டி தாண்டியோ கள்ளிக்குடி தாண்டியோ சாலை திறந்துவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு ஆகும். வெளிச்சம் கிடையாது. அடிபட்டவர் யார் கண்ணிலாவது படுவதற்கே நேரமாகும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி தூரம். உசிலம்பட்டியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, ஏறத்தாழ 40 கி.மீ.; பேரையூர்ப் பக்கத்து ஊர்களுக்கு இன்னும் கூடுதல்.

எந்த மாதிரியான காயங்கள் அதிகம் வருகின்றன?

எங்கள் பகுதியில் அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அடுத்து நடந்து போனவர்கள். அதனால் காயங்களும் அவர்களுடைய உடலின் எந்த இடம் மறைப்பில்லாமல் இருக்கிறதோ அந்த இடத்தில்தான்.

முதலிடம் கணைக்காலுக்கு, அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இருக்கும் எலும்புக்கு. எதிரே வரும் வண்டியின் பம்பர் படுகிற உயரம் அதுதான். அந்த எலும்பின் முன்பக்கத்தில் சதை கிடையாது. தோலைத் தொட்டால் எலும்பு. ஆகவே உடையும்போதே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. மண்ணும் சாணமும் கிடக்கும் சாலையில் விழுந்த எலும்பு என்றால் சீழ் பிடிக்க எவ்வளவு நேரமாகும்?

அடுத்தது தலை. உயிரைக் கொண்டுபோவதில் தலைக்காயம்தான் முதல். முகமும் சேர்ந்து உடையும்: தாடை, கன்ன எலும்பு, பல். கை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு. தோள் அடித்து விழுந்தால் காறை எலும்பு. தொடை எலும்பு உடைந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாவிட்டாலும் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கும். தொடை வீங்கியிருந்தால் அதை வெறும் எலும்பு முறிவு என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு காயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரிவதில்லை. வேகமாகப் போகும் வண்டியிலிருந்து தூக்கி எறியப்படும்போது தலை ஒருபக்கமும் தோள் எதிர்ப்பக்கமும் இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கொத்து அறுந்துபோகும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கும், கை மட்டும் துணிபோலத் தொங்கும். "வீக்கம் வடிஞ்சா சரியாயிரும்" என்று ஒரு வருடம் காத்திருந்துவிட்டு வருகிறார்கள். நரம்பை ஒட்டும் அறுவை சிகிச்சையை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். இருபது வயதுப் பையனின் வலது கை அது. தூக்க முடியாத கையோடு யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அந்த வாரமே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

எலும்பு வெளியே தெரிகிறது. என்ன செய்ய வேண்டும்?

சுத்தமான துணியால் மூடி, கால் ஆடாதபடி பலகையோ மடித்த கெட்டி அட்டையோ வைத்துக் கட்டுங்கள். ரத்தம் கொட்டினால் அந்த இடத்தின் மேல் துணி வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். பார்ப்பதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள், சாணம், சீனி, எண்ணெய் எதுவும் வேண்டாம். காப்பித்தூள் அப்பிய காயத்தைக் கழுவி எடுக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரத்தம் நின்றது போலத் தோன்றும், அடியில் கிருமி வளரும்.

இந்தக் காயத்துக்கு முதல் மருந்து ஊசி வழியாகப் போகும் ஆன்டிபயாடிக். எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது. தாலுகா மருத்துவமனையிலேயே அதைப் போட்டுக்கொண்டு, டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டுக்கொண்டு மதுரைக்குக் கிளம்பலாம். "நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்" என்று இடையில் உள்ளதைத் தாண்டிப் போவது எப்போதும் சரியல்ல.

காலை எடுக்க வேண்டுமா, காப்பாற்றலாமா என்பது குருட்டுக் கணக்கில்லை. இதற்கு உலகம் முழுவதும் பயன்படும் ஒரு மதிப்பெண் முறையே நம் கோவை கங்கா மருத்துவமனையில் உருவானதுதான். தோல், எலும்பு, தசை என மூன்றையும் தனித்தனியாக மதிப்பிட்டு, நோயாளியின் உடல்நிலையையும் சேர்த்துக் கூட்டுவார்கள். "கால எடுத்துருவாங்களோ" என்று பயந்து ஓடுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பல கால்கள் காப்பாற்றப்படுகின்றன. தாமதமாக வந்த கால்கள்தான் அதிகம் போகின்றன.

விரலோ கையோ துண்டாகிவிட்டால், துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். துண்டின் மேல் நேரடியாக ஐஸ் படக்கூடாது.

கட்டு வைத்தியரிடம் போகலாமா? எங்க தாத்தாவுக்குச் சரியாப் போச்சே.

சரியாகப் போயிருக்கும். நகராத, சின்ன முறிவு எதுவும் ஆடாமல் வைத்திருந்தாலே கூடிவிடும். உடம்பின் இயல்பு அது. வைத்தியர்களில் பலர் நல்ல மனிதர்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் போனாலும் கதவைத் திறக்கிறார்கள், கூடவே ஆறுதல் சொல்கிறார்கள். ஜனங்கள் அங்கே போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை எங்களைப் போன்ற மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வண்டியில் அடிபட்ட எலும்பு மாமரத்திலிருந்து விழுந்த எலும்பு மாதிரியில்லை. அடியின் வேகத்தில் சுற்றியுள்ள தசையும் நசுங்கியிருக்கும், அடுத்த ஒருநாள் முழுக்க அது வீங்கிக்கொண்டே போகும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் வீக்கத்துக்குப் போக இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தால் தசை செத்துப்போகத் தொடங்கும்.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து பதினோரு வயதுப் பையன் ஒருவன் மூன்றாம் நாள் வந்தான். முன்கையில் கட்டு. விரல்கள் கருநீலம். முதல் நாள் ராத்திரி முழுக்க வலியில் கத்தியிருக்கிறான். "கட்டுன்னா வலிக்கத்தான்டா செய்யும்" என்று அம்மா மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்திருக்கிறாள். இரண்டாம் நாள் வலி நின்றுவிட்டது. குணமாகிறது என்று நினைத்துவிட்டார்கள். வலி நின்றது நரம்பு செத்ததால். கை இருக்கிறது, விரல்கள் கொக்கிபோல மடங்கியே நின்றுவிட்டன. அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே எங்கே கட்டுப் போட்டாலும், அது ஆஸ்பத்திரி மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். விரலை லேசாக நீட்டிப் பார்த்தால் உயிர்போகிற வலி, மரத்துப்போதல், குளிர்ந்துபோதல், நிறம் மாறுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் கட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். எலும்பு கோணலாகக் கூடினால் பிறகு நிமிர்த்தலாம், செத்த தசையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசினார். பிறகு எப்படி இறந்துபோனார்?

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. செக்கானூரணிப் பக்கம் ஒரு வேகத்தடையில் பெரியப்பா வண்டியோடு விழுந்தார். வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை. எழுந்து உட்கார்ந்து, கூடியவர்களுக்கு நன்றி சொல்லி, டீக்கடையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தலை வலிக்கிறது என்று படுத்தார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். "அசதியாத் தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்று பெரியம்மா எல்லாரையும் அமைதிப்படுத்தினாள். விடியற்காலையில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் அப்போது மருத்துவம் படிக்கவில்லை.

நெற்றியின் ஓரத்தில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப் பக்கத்தில் மண்டை ஓடு மெல்லிசு; அதன் உட்புறத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் மண்டைக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் மெல்ல மெல்லச் சேரும். முதல் அதிர்ச்சி தெளிந்து மனிதர் நன்றாக இருப்பார். சேர்ந்த ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கும்போது மயங்குவார். நடுவில் கிடைக்கும் அந்தத் தெளிவான சில மணி நேரம்தான் அவரைக் காப்பாற்றக் கிடைத்த நேரம். சி.டி. ஸ்கேன் எடுத்து, மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் முழுதாகப் பிழைத்துவிடுவார்.

தலையில் அடிபட்டவருக்கு நினைவு சற்று நேரம் தப்பியிருந்தால், இரண்டாவது முறை வாந்தி எடுத்தால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீரோ வந்தால், பேச்சு குழறினால், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதானால், வலிப்பு வந்தால், வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினால் உடனே ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். குடித்திருந்தவர் என்றால் இன்னும் எச்சரிக்கை. "போதையில கெடக்கான்" என்று திண்ணையில் போடப்பட்டவர்களில் எத்தனை பேர் ரத்தக் கசிவோடு வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வெளியே ரத்தமே இல்லையே, எப்படி ஆபத்து?

இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல், வலதில் கல்லீரல். இரண்டும் ரத்தம் நிறைந்த பஞ்சு போன்றவை. வயிற்றுக்குள் கிழிந்தால் வெளியே ஒரு சிராய்ப்புதான் தெரியும். இடுப்பெலும்பு உடைந்தாலும் இதே கதை. முகம் வெளுத்து, வியர்த்து, உடம்பு சில்லிட்டு, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டால் உள்ளே ரத்தம் போகிறது என்று பொருள். தண்ணீரும் சோடாவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற ஊசி விபத்து நடந்த மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். விலை மிகக் குறைந்த மருந்து அது.

சைக்கிளிலிருந்து விழுந்து ஹேண்டில்பார் நுனி வயிற்றில் குத்திய பிள்ளைகளை இரண்டு நாள் கவனியுங்கள். வட்டமாக ஒரு தடம் மட்டும் இருக்கும். உள்ளே கணையமோ குடலோ கிழிந்திருக்கலாம். காய்ச்சலும் வாந்தியும் மறுநாள்தான் தலைகாட்டும்.

நான்குவழிச் சாலை வந்தபின் விபத்து குறைய வேண்டும் அல்லவா?

நேருக்கு நேர் மோதுவது குறைந்தது, உண்மை. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து திருமங்கலம் வழியாகக் கன்னியாகுமரி போகும் 44-ஆம் எண் சாலையும், திருச்சியிலிருந்து மேலூர் வழியாகத் தூத்துக்குடி போகும் 38-ஆம் எண் சாலையும் ஊர்களை இரண்டாக வகுந்துகொண்டு போகின்றன. வீடு இந்தப் பக்கம், காடு அந்தப் பக்கம். பஸ் நிறுத்தம் ஒருபுறம், பள்ளிக்கூடம் மறுபுறம். ஆடு மேய்க்கும் கிழவி ஒரு கிலோமீட்டர் நடந்து சுரங்கப்பாதைக்குப் போய் வரமாட்டாள். அரளிச்செடிக்கு நடுவே தடுப்பில் ஓர் உடைப்பைக் கண்டு குறுக்கே போவாள். பைக்காரர் யூ-டர்னுக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றாமல் எதிர்த்திசையில் வருவார். அவர்களைத் திட்டுவது சுலபம். தினமும் நான்கு முறை கடக்கிற ஆளை மனதில் வைத்து யாரும் அந்தச் சாலையைப் போடவில்லை என்பதே என் வருத்தம்.

நடந்து போகிறவருக்கு வரும் காயம் மூன்று படியாக வரும்: பம்பர் கணைக்காலை உடைக்கும், பானெட்டில் விழுந்து இடுப்பும் விலாவும் நொறுங்கும், கடைசியாகத் தலை தரையில் மோதும். ஒருவரிடம் ஒன்றைப் பார்த்தால் மற்ற இரண்டையும் தேடுவோம்.

எந்தப் பொழுதில் அதிகம்?

சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுவரை. வேலை முடிந்து திரும்புகிறவர்கள், மங்கல் வெளிச்சம், டாஸ்மாக், விளக்கில்லாத டிராக்டர் எல்லாம் ஒன்றுசேரும் பொழுது. கரும்போ வைக்கோலோ ஏற்றிய டிரைலர் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் நின்றால், எதிரே வரும் விளக்கில் கண் கூசிய பைக்காரருக்கு அது கடைசி நொடிவரை தெரியாது. முகமும் மார்பும் நொறுங்கி வருவார்கள்.

இன்னொன்று விடியற்காலை. மல்லிகை பறித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு இருட்டோடு கிளம்புகிறவர்கள், பால் கேன் கட்டிய எக்ஸெல் வண்டிகள், இரவெல்லாம் ஓட்டிக் கண் சொருகிய லாரி டிரைவர்கள் எல்லாரும் அந்த ஒரே பொழுதில் சாலையில்.

பருவத்துக்கும் கணக்கு உண்டு. கார்த்திகை, மார்கழியில் தேனிச் சாலையில் சபரிமலை வண்டிகள், தூக்கம் கெட்ட ஓட்டுநர்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் இரவில் சாலை ஓரமாகப் போகிறார்கள். பாதயாத்திரை போகிறவர்கள் வாகனம் எதிரே வரும் பக்கமாக நடந்து, முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் வரிசையின் கடைசி ஆள் பிழைப்பார். அடிபடுவது பெரும்பாலும் அவர்தான்.

சாலையில் எள்ளும் சோளமும் காயப்போடுவது தப்பா? களம் இல்லையே.

களம் இல்லை என்பது உண்மையான குறை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் கதிரின் மேல் ஏறிய இருசக்கர வண்டி வழுக்கும். குவியல் காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் வைக்கும் கல் அதைவிட மோசம். ராத்திரி அள்ளிக்கொண்டு போகும்போது கல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கல்லில் ஏறி விழுந்த ஒருவரின் தாடையை நாங்கள் கம்பி போட்டுக் கட்டினோம். கல்லை வைத்தவர் அவருடைய சித்தப்பா.

லோடு வண்டியில் கூலிவேலைக்குப் போகிறோம். வேறு வழி என்ன?

பஸ் நேரத்துக்கு நாற்று நட முடியாது, தெரிகிறது. ஆனால் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு வரும் இருபது பேரைப் பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை. திருப்பத்தில் கவிழ்ந்தால் அத்தனை பேரும் தூக்கி எறியப்படுகிறார்கள், சிலர் வண்டிக்கு அடியிலேயே சிக்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதுகெலும்பு முறிவையும் இடுப்பு முறிவையும் நான் அதிகம் பார்த்தது இவர்களிடம்தான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதால் இன்சூரன்ஸ் பணமும் இழுபறியாகும். வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரியிடம் ஆள் ஏற்றும் வண்டியைத்தான் அனுப்ப வேண்டும் என்று மொத்தக் குழுவும் சேர்ந்து சொன்னால்தான் நடக்கும். ஒருத்தி சொன்னால் அவளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

பின்னால் உட்காருகிற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் காயம் வேறா?

வேறுதான். சேலையோ துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கும் அல்லது பின்புறமாக இழுத்துத் தள்ளும். பின்மண்டை தரையில் மோதும். மத்திய மோட்டார் வாகன விதி 123 பின்சக்கரத்தைப் பாதியளவாவது மறைக்கும் தடுப்பு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கப் படி மூன்றையும் கட்டாயமாக்குகிறது. புது வண்டி வாங்கியதும் "அழகு கெடுது" என்று அந்தத் தடுப்பைக் கழற்றும் தம்பிகளே, பின்னால் உட்காரப்போவது உங்கள் அம்மா. ஒருபக்கமாக உட்காரும்போது சமநிலை இல்லை. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதை வீட்டுப் பெரியவர்கள் தடுக்காதிருந்தால் நல்லது.

பிள்ளைகளின் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போனால் குதிகால் தோலே உரிந்துவரும். ஆற மாதக்கணக்காகும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஓட்டுநரோடு இணைக்கும் பட்டையும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கி.மீ. தாண்டக் கூடாது என்பது விதி.

பக்கத்துத் தெருவுக்குப் போக ஹெல்மெட் எதற்கு?

நான் பார்த்த தலைக்காயங்களில் பல, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தவை. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் ஹெல்மெட் தலைக்காயத்தை 69 விழுக்காடும் சாவை 42 விழுக்காடும் குறைக்கிறது. 2022-இல் நாட்டில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்தவர்கள். நாடாவை மாட்டாத ஹெல்மெட் மோதலுக்கு முன்பே பறந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

அடிபட்டவரைக் கிடைத்த வண்டியில் தூக்கிப்போகலாமா, 108 வரட்டுமா?

முதலில் 108-ஐ அழையுங்கள். 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது, காசு கிடையாது, வரும்வரை என்ன செய்வதென்று தொலைபேசியிலேயே சொல்வார்கள். இடம் சொல்லும்போது ஊர்ப்பெயரோடு விலக்கின் பெயர், கி.மீ. கல்லின் எண், பக்கத்துக் கோயில் எதையாவது சேர்த்துச் சொல்லுங்கள். நான்குவழிச் சாலையென்றால் எந்தத் திசையில் போகும் பக்கம் என்பதும் முக்கியம்.

கையைக் காலைப் பிடித்து மூட்டைபோலத் தூக்காதீர்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தால், அதுவரை அசைந்த கைகால்கள் அந்தத் தூக்கலில் நின்றுவிடும். பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுவருவதும் அப்படியே. நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் தலையைக் கழுத்தோடு நேராகப் பிடிக்க, மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒரே நேரத்தில் உருட்டிப் பலகையில் ஏற்றுங்கள். வாந்தி எடுத்தால் அதே முறையில் பக்கவாட்டில் திருப்புங்கள். வண்டி வர ரொம்ப நேரமாகும், மூச்சுத் திணறுகிறது அல்லது ரத்தம் நிற்கவில்லை என்றால் படுக்கவைக்கும் வசதியுள்ள எந்த வண்டியிலாவது கிளம்பலாம்.

உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமே?

இந்தப் பயத்தால் போன உயிர்கள் ஏராளம். 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பை உறுதிசெய்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் எந்த வழக்கும் வராது என்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரி உங்களை நிறுத்திவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. சேர்த்துவிட்டு நீங்கள் கிளம்பலாம்.

பணம் இல்லையென்றால் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்களா?

2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா, வருமானம் எவ்வளவு என்பது கேள்வியில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். தொடங்கும்போது உச்சவரம்பு ஆளுக்கு 1 லட்சம் ரூபாய். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் விபத்து நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை. வாசலிலேயே "இந்தத் திட்டத்தில் இருக்கிறீர்களா" என்று கேட்டுவிடுங்கள்.

"பேசி முடிச்சுக்குவோம்" என்று எதிர்த்தரப்பு சொன்னால்?

கூடாது. அன்றைக்குக் கையில் தரும் ஐயாயிரம், பிறகு வரும் இரண்டாவது ஆபரேஷனுக்குக் காணாது. ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லி ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவு) போடச் சொல்லுங்கள். "மாடியிலிருந்து விழுந்தேன்" என்று எழுதவைத்துவிட்டுப் பின்னால் மாற்றிச்சொன்னால் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் நம்பாது. வண்டி எண், ஏ.ஆர். நகல், முதல் தகவல் அறிக்கை, மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்துவையுங்கள். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது பத்திரம். வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் சட்டப்படி சாவுக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. வீட்டுவேலை மட்டும் பார்த்த பெண் என்றால் வருமானம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. அந்த உழைப்புக்கும் மதிப்பு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது.

எங்கள் ஊர் விலக்கில் அடிக்கடி நடக்கிறது. யாரிடம் சொல்வது?

வாய்ச்சொல்லாக "அடிக்கடி" என்றால் யாரும் அசையமாட்டார்கள். ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, நேரம், எந்தத் திசை, என்ன வண்டி, என்ன காயம் என்று எழுதிவாருங்கள். போலீஸ் பதிவேட்டில் வராத சின்ன விபத்துகளும் அதில் வரட்டும். பெரிய விபத்து எங்கே நடக்கப்போகிறது என்பதை அவைதான் முன்கூட்டிக் காட்டுகின்றன. அந்த நோட்டை வைத்துக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பிறகு அந்தத் தீர்மானத்தோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணிலும் பதியலாம். மேம்பாலம் கேளுங்கள், கூடவே உடனே செய்யக்கூடியதையும் கேளுங்கள்: விலக்கில் ஒரு விளக்கு, வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு, திருப்பத்தை மறைக்கும் கருவேலத்தை வெட்டுதல், சாலையோரக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி, அதே நோட்டில் ஒட்டிவையுங்கள்.